திருநாவுக்கரசு நாயனார் வரலாறு: சூலையும் செந்தமிழும்

1. தோற்றுவாய்

துன்பம் வந்துற்ற காலத்து மக்கள் அதனை ஆற்றிக்கொள்ளும் வழிகள் பல. சிலர் அழுது ஆற்றுவர். சிலர் உற்றாரோடு உரையாடி ஆற்றுவர். வேறு சிலர் பாடுதல், மாலை தொடுத்தல், கோலமிடுதல், ஓவியந் தீட்டுதல் முதலிய தொழில்களில் உள்ளத்தைச் செலுத்தித் தாமே ஒன்றனை ஆக்குமாற்றால் ஆற்றுவர். இம்மூன்றாம் வழியை இக்காலத்து மேனாட்டு உளநூலார் ஆராய்ந்து, மருத்துவத்திற்குத் துணையாவதொரு முறையாகவே வகுத்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டுப் பென்னபேக்கர் என்பார், மாணவர் சிலரைத் தொடர்ந்து நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்விற்பட்ட பெருந்துன்பத்தை எழுதுமாறு செய்து, நிகழ்ச்சியோடு தம் உணர்ச்சியையுங் கலந்தெழுதினோர் பின்வந்த திங்கள்களில் மருத்துவரை நாடுதல் குறைந்தமையைக் கண்டு 1986-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்பின் இத்துறையில் ஆராய்ச்சி பெருகிற்று.

இது கேட்ட நம்மவருள் ஒரு சாரார், இது நம் நாட்டிற்குப் புதிதன்று, கெடிலக்கரையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு மேலாக அறியப்பட்டதே என்று மகிழ்வர். அது மெய்யே. ஆயினும் அம்மகிழ்ச்சியினூடே ஐயம் ஒன்று எழுகின்றது. திருநாவுக்கரசு நாயனாரது சூலை தீர்ந்தது பாட்டினாலா, திருவருளினாலா? பாட்டினால் என்னின், திருப்பதிகம் உளநூலார் கூறும் ஒரு பயிற்சியளவாய்ச் சுருங்கும். திருவருளினால் என்னின், நாயனார் பாடவேண்டியதென்னை? தமக்கையார் அளித்த திருநீறொன்றே அமையாதோ? இவ்வினாவிற்கு விடை நாயனாரது வரலாற்றினகத்தே உளது. ஆதலின் அதனை முறையே நோக்குவாம். இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 429 திருவிருத்தங்களால் விரித்தருளினர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இயைந்த பகுதிகளில் மட்டும் நின்று பேசுவாம்.

2. பிறப்பும் இழப்பும்

இற்றைக் கடலூர் மாவட்டத்திற் பண்ணுருட்டிக்கு அணித்தாயுள்ள திருவாமூர், பண்டு திருமுனைப்பாடி நாட்டின்கண் விளங்கியதோர் ஊர். அங்கே வேளாண்மரபிற் குறுக்கையர் குடியிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் முதலிற் றிலகவதியாரும், சில ஆண்டு கழித்து மருணீக்கியாரும் தோன்றினர். மருணீக்கியார் இளமையிலேயே கலைகள் பலவும் பயின்றனர்.

திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயது நிரம்பும்போது, அரசனிடத்துச் சேனைத்தலைமை பூண்டிருந்த கலிப்பகையார்க்கு அவரை மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசனேவலால் வடபுலத்துப் போர்மேற் சென்றனர். இந்நிலையிற் புகழனார் நோயுற்று மறைந்தனர். மாதினியார் கணவனைப் பிரிந்து வாழகில்லாராய் உடன் உயிர்நீத்தனர். சிறுவரிருவரும் தாய்தந்தையரை ஒருங்கிழந்த துயரம் ஆறுவதற்குள், கலிப்பகையார் போர்க்களத்து வீழ்ந்தார் என்னுஞ் செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவர்க்கென நேர்ந்தமையால் தம்முயிர் அவர்க்கே உரியதென்று கருதித் திலகவதியார் உயிர்விடத் துணிந்தனர். மருணீக்கியார் தமக்கையாரின் அடியில் வீழ்ந்து, பெற்றோர்க்குப்பின் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரை வணங்கும் பேற்றினாலேயே என்றும், அவர் பிரியின் தாம் அவர்க்குமுன் உயிர்விடுவது திண்ணமென்றுங் கூறி அழுதனர். தம்பியார் உயிர்வாழ்தல் வேண்டும் என்னும் இரக்கத்தால் அம்மையார் தம் துணிவை மாற்றி, எவ்வுயிர்க்கும் அருள்பூண்டு, மனைக்கண்ணே தவநெறியில் நின்றனர்.

இவ்விளமை நிகழ்ச்சியை நாம் விரைந்து கடந்து செல்லலாகாது. ஓராண்மகனும் ஒரு பெண்மகளும் ஒரே துயரக்கடலில் வீழ்ந்தனர். ஒருவர்க்காக மற்றொருவர் உயிர் தாங்கினர். ஆயின் அத்துயரை ஆற்றிக்கொள்ள இருவரும் மேற்கொண்ட நெறி வேறு. அவ்வேறுபாடே பின்வருவன எல்லாவற்றிற்கும் வித்து.

3. தமக்கையார் கைத்தொண்டு

திலகவதியார் கெடிலநதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தைச் சார்ந்து, அங்கே திருமடமொன்றில் வதிந்து, நாடோறும் விடியற்கு முன்னெழுந்து திருக்கோயிலில் அலகிட்டும், ஆனின் சாணத்தால் மெழுகியும், மலர்கொய்து மாலை தொடுத்துச் சாத்தியும் தொண்டுபுரிந்து வந்தனர். இவை பார்வைக்குச் சிறு தொழில்கள். ஆயினும் உற்றுநோக்குவார்க்கு இவற்றின் ஆற்றல் விளங்கும். துயருற்ற உள்ளம் தன்னையே சுற்றிச்சுழலும் இயல்பிற்று. கை ஒரு நற்றொழிலிற் படிந்து, அத்தொழிலின் பயன் தனக்கன்றி இறைவற்காதலைக் காணுங்கால், உள்ளஞ் சுழற்சி நீங்கி நிலைபெறும். உதிரிப்பூவாய்க் கிடந்தவை விரலிடைப்பட்டு ஒரு மாலையாய் நிமிர்தலைக் காண்பார்க்குத் தம் சிதறிய நெஞ்சும் ஒருவழிப்படுதல் அனுபவத்தால் அறியத்தக்கது.

சிவஞானசித்தியார் சரியையாகிய தாதமார்க்கத்தை வகுக்குமிடத்து அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடுதல், நந்தனவனம் அமைத்தல் என்பவற்றோடு புகழ்ந்துபாடுதலையும் ஒருங்கு வைத்தெண்ணியது ஈண்டு நினையத்தக்கது. கையால் ஆக்குவதும் நாவால் ஆக்குவதும் ஒரே நெறிய என்பது சித்தாந்த ஆசிரியர் கருத்து. மணவாழ்வும் பெற்றோரும் ஒருசேர இழந்த அம்மையார் பிறர்க்கு ஆறுதலளிக்கும் பெருநிலை எய்தியது இக்கைத்தொண்டின் வழியேயாம்.

4. பாடலிபுத்திரத்துத் தருமசேனர்

மருணீக்கியாரோ, செல்வமும் யாக்கையும் நிலையாமையை எண்ணி, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தும், சோலை வைத்துக் குளந்தொட்டும், விருந்தினரைப் புறந்தந்தும் வாழ்ந்து, பின் அதனினும் அமையாராய், மெய்ந்நெறி யாதென அறியும் வேட்கையாற் சமயநூல்களை ஆராயப் புகுந்தனர். அக்காலத்துப் பாடலிபுத்திரம் எனப் பெயர்பெற்றிருந்த திருப்பாதிரிப்புலியூர் சமணர்தம் கல்விக்கு நிலைக்களமாயிருந்தது. லோகவிபாகம் என்னும் சமணநூலின் மூலம் சகம் 380-இல், அஃதாவது கி. பி. 458-இல், காஞ்சியிற் சிங்கவர்மன் ஆட்சியின் 22-ஆம் ஆண்டில் இவ்வூரில் நிறைவுற்றது என்று அந்நூலே கூறும். நாயனார் காலத்திற்கு நூற்றாண்டொன்றன் முன்னரே அங்குக் கல்வி ஓங்கியிருந்தமை இதனாற் பெறப்படும். மருணீக்கியார் அப்பள்ளியிற் சேர்ந்து, அவர்தம் நூல்களையெல்லாம் ஓதியுணர்ந்து, தருமசேனர் என்னும் பட்டமுந் தலைமையும் பெற்றனர்.

சமணர் தமிழ்க்குச் செய்த நன்மையை நாம் மறக்கவேண்டுவதின்று. இலக்கணமும் காப்பியமும் அவராற் செழித்தன. நாயனார் பிற்காலத்து வேற்றுச்சமய நூல்களை நன்கறிந்து பாடியதற்கும் அக்கல்வியே துணையாயிற்று. ஈண்டு நாம் கருதுவது வேறு. நிலையாமையை அறிவால் உணர்தல் ஒன்று. இழப்பினால் நெஞ்சிற்பட்ட புண் ஆறுதல் மற்றொன்று. தருமசேனர்க்கு முன்னது கைவந்தது. பின்னது கைவரவில்லை. கல்வி அப்புண்ணை மூடிற்றேயன்றி ஆற்றவில்லை என்பதை அவரது பிற்காலத் திருப்பதிகங்கள் நன்கு புலப்படுத்துகின்றன.

5. கெடிலக்கரை விடியல்

தம்பியார் வேறுநெறி சார்ந்தமைக்குத் திலகவதியார் வருந்தி வீரட்டானத்து இறைவரிடம் விண்ணப்பஞ் செய்தனர். இறைவர் கனவிற் றோன்றி, அவன் முன்னமே தம்மையடையத் தவஞ்செய்தவன் என்றும், சூலைநோய் தந்து ஆட்கொள்வதாகவும் அருளினர். அங்ஙனமே தருமசேனரது வயிற்றிற் சூலை புகுந்து குடரை முறுக்கிற்று. பள்ளியிலிருந்தோர் மந்திரித்த நீர் பருகுவித்தும், பீலியால் தடவியும் முயன்றனர். நோய் பெருகியதே யன்றிக் குறையவில்லை. துன்பத்தையே கருவியாகக்கொண்டு உயிரைத் திருப்புதலை நம் ஆசிரியர் மறக்கருணை என்பர். தாய் மகவிற்குக் கைப்பான மருந்தூட்டுதல் போல்வதிது.

செய்வதறியாத தருமசேனர் தமக்கையாரை நினைந்து, அடுக்களைத் தொழிலாளன் ஒருவனை விடுத்தனர். அம்மையார் தாம் அவ்விடம் வருதலில்லை என்று விடையிறுத்தனர். அவ்விடை அன்பின்மையாற் பிறந்ததன்று. நோயுற்றோன் தானே எழுந்து வருதல் வேண்டும் என்னும் உறுதிப்பாட்டாற் பிறந்தது. மருணீக்கியார் பாயையும் குண்டிகையையும் பீலியையும் நீத்து, வெள்ளிய உடை உடுத்து, இருளிற் புறப்பட்டுத் திருவதிகை சேர்ந்து தமக்கையாரின் அடியில் வீழ்ந்தனர். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர். பின்னர் விடியற்போதில் திருவலகும் தோண்டியுங் கொண்டு திருக்கோயிற்பணிக்குச் செல்லுங்கால் தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றனர். அத்திருமுன்பிற் கொல்லிப் பண்ணமைந்த முதற் றிருப்பதிகம் எழுந்தது. சூலையும் அப்பொழுதே அகன்றது. நாவுக்கரசு என்னும் பெயரும் வானிடை எழுந்த திருவருள்மொழியால் வழங்கிற்று.

இந்நிகழ்ச்சியிற் பொருள்கள் நான்கு ஒன்றன்பின் ஒன்றாய் நிற்றலைக் காண்க. முதலாவது, நோயாளர் தாமே எழுந்து வந்தமை. இரண்டாவது, அன்புடையாரொருவர் ஏற்றுக்கொண்டமை. மூன்றாவது, திருநீறும் திருவைந்தெழுத்துமாகிய அருட்சாதனம். நான்காவது பாட்டு. இந்நான்கனுள் ஒன்று குறையினும் அவ்விடியல் அங்ஙனம் விடிந்திராது.

இனி அத்திருப்பதிகத்தின் கிடக்கையை நோக்குவாம். நோயை மறந்து வேறொன்றனை நினைத்து இன்புறும் பாட்டன்று அது. நோயை நேர்நின்று நோக்கி, அஃது எங்ஙனம் வருத்துகின்றதென்று உறுப்புடன் எடுத்துக்கூறி, தாம் செய்த பிழை இன்னதென்று அறியாமையையும் ஒளியாது உரைத்து, பொறுக்கலாற்றாமையை விண்ணப்பித்து, தீர்த்தருளுமாறு இரக்கும் பாட்டு. இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. புறத்தே நெடுங்காலம் வேற்று நெறியில் நின்றவர், இறைவனைப் பூவும் புகையும் இசைத்தமிழும் கொண்டு வழிபடுதலைத் தாம் மறந்ததில்லை என்று அதன்கட் கூறுகின்றனர். இது பொருந்துமாறு யாங்ஙனம் எனின், முற்பிறப்பின் தவத்தொடர்ச்சியைக் குறித்தது என்று கோடல் ஒன்று. யாம் கருதுவது, உயிர் தன் ஆழத்திற் கொண்டிருந்த சார்பைத் தானே அறியாதிருந்து, பாடும்பொழுதே அறிந்துகொண்டது என்பது. உள்ளத்தின் அடியிற் கிடப்பதனை வெளிக்கொணர்தல் பாட்டிற்கே சிறந்த ஆற்றல். ஆராய்ச்சியறிவு ஆண்டுபல கொண்டுங் காணாததனைப் பதிகம் ஒரு விடியற்போதிற் கண்டது.

6. அச்சந் தீர்த்தமை

தருமசேனர் பிரிந்தமை பல்லவ அரசற்கு எட்டிற்று. இவ்வரசனை மகேந்திரவர்மன் என்று ஆராய்ச்சியாளர் பலர் துணிவர். அவன் காலம் கி. பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அழைத்துவரச் சென்ற அமைச்சர்க்கு, அரசாணைக்குத் தாம் அஞ்சுவாரல்லர் என்பதைத் திருத்தாண்டகத்தால் நாயனார் அறிவித்தனர். அதன்பின் நீற்றறையில் ஏழுநாள் அடைத்தமையும், நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டியமையும், யானையை ஏவியமையும், கல்லிற் பிணித்துக் கடலில் இட்டமையும் அன்பர் யாவரும் அறிந்தன.

இவற்றுள் ஒவ்வோரிடத்தும் பாட்டின் தொழில் வேறுவேறாதல் கருதத்தக்கது. நீற்றறையின் வெப்பத்திடை இருந்துகொண்டு, இனிமையும் குளிர்ச்சியும் உடைய பொருள்களையே ஒன்றன்பின் ஒன்றாக இறைவன் றிருவடி நிழலுக்கு உவமையாக அடுக்கினர். புலன் தருவதனை மாற்றி உள்ளம் தருவதனை நிறுத்துதல் இஃதாகும். யானை வருங்காலத்துக் காந்தாரப் பண்ணில் அஞ்சவேண்டுவதின்மையை அறுதியிட்டனர். கடலிற் காந்தாரபஞ்சமத்தால் திருவைந்தெழுத்தின் துணையைப் பாடினர். சூலையின்போது நோயைச் சொல்லி அழுதவர், இங்கே துன்பத்தைச் சொல்லாது துணையைச் சொல்கின்றனர். முதற்பாட்டில் அழுதிராவிடின் இப்பாட்டுக்களில் இவ்வுறுதி பிறந்திராது என்பது எம் துணிபு.

கல் மிதந்து நாயனார் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர்க்கணித்தாய்க் கரையேறவிட்டகுப்பம் என இன்றும் வழங்குகின்றது. தருமசேனராய் வீற்றிருந்த அவ்வூர்க்கே திருநாவுக்கரசராய் வந்து, பாதிரிமரத்தடியிலமர்ந்த பெருமானைத் திருவிருத்தத்தால் பாடினர். இளமையில் ஒருங்கிழந்த தாய் தந்தை உடன்பிறப்பு என்னும் உறவையெல்லாம் இறைவனிடத்து வைத்துப் பாடும் பாட்டு அத்திருப்பதிகத்தின் முகப்பில் நிற்றல் பெரிதும் நெஞ்சையுருக்குவது. இழப்பு நிகழ்ந்து நெடுங்காலங் கழிந்தபின், இழப்பை மறவாது, அவ்விழப்பு நிரம்பிய இடத்தைக் காட்டுகின்றது அது. இவ்வூரிற் பின்னாளில் ஞானியாரடிகள் (1873–1942) தம் திருமடத்திருந்து தமிழும் சைவமும் வளர்த்தமை அன்பர் நினைவிலுள்ளது.

பல்லவனும் பின்னர்ச் சைவநெறி சார்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையிற் குணதரவீச்சரம் எடுப்பித்தான் என்பர் சேக்கிழார். குணபரன் என்னும் பட்டம் பூண்ட அரசன் வேற்றுநெறியினின்று இலிங்கவழிபாட்டிற்குத் திரும்பினமையைத் திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டுங் குறிக்கும்.

7. தூங்கானைமாடமும் தில்லையும்

சூலை தீர்ந்தது, அச்சமுந் தீர்ந்தது. எனினும் நாயனார் உள்ளத்தே ஒன்று தீராது நின்றது. அது கழிவிரக்கம். வேற்று நெறியிற் கழிந்த நாட்களை நினைந்து தம்மை இழித்துக்கூறும் பகுதிகள் அவர்தம் பதிகங்களிற் பலவிடத்துங் காணப்படும். உடல்நோய் ஒரு விடியலில் நீங்கியது. உளநோய் நீங்குதற்குப் பல ஊர்களும் பல பாட்டுக்களும் வேண்டியிருந்தன. பதிகம் பாடியவுடன் யாவும் தீரும் என்று எண்ணித் தீராமைகண்டு தளர்வார் இதனை மனங்கொள்க.

இக்கழிவிரக்கத்தின் எல்லையைத் திருப்பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்திற் காண்கின்றோம். வேற்றுச்சமயச் சார்பால் மாசுற்ற இவ்வுடலோடு உயிர்வாழ்தலைத் தாம் விரும்பாமையை நாயனார் அங்கே வெளிப்பட உரைத்து, சூலக்குறியும் இடபக்குறியும் தம் உடலிற் பொறித்தருளுமாறு வேண்டினர். வாழ்வை வெறுத்த சொல், அவ்வெறுப்பிலேயே நின்றுவிடாது, வேண்டுதலாக மாறியமை காண்க. வெறுப்பை உள்ளே அடக்கிவைத்தவர்க்கு அது நஞ்சாகும். இறைவன் முன்னர்ப் பாட்டாகச் சொல்லியவர்க்கு அதுவே வாயிலாகும். சிவபூதமொன்று வந்து பிறரறியாவாறு அக்குறிகளைத் தோளிற் பொறிக்கப்பெற்று நாயனார் உய்ந்தனர். வெறுத்த உடலே இறைவனுடைமையாயிற்று.

அங்கிருந்து திருவரத்துறை, திருமுதுகுன்றம் வணங்கித் தில்லைநகர் அடைந்தனர். தில்லைச் சிற்றம்பலத்தே ஆனந்தக்கூத்தைக் கண்ட பொழுது நாயனார் நிலை முற்றும் வேறாயிற்று. கை தலைமேற் குவிந்தன, கண் பொழிந்தன, உள்ளமும் உடலும் உருகின. அவ்விடத்துத் திருவிருத்தத்தில், கூத்தப்பெருமானது திருமுகக்குறிப்பையும் தூக்கிய திருவடியையுங் காணப்பெறின் இந்நிலவுலகில் மனிதப்பிறவியும் வேண்டத்தக்கதே என்னும் முடிவை வெளியிட்டனர். தூங்கானைமாடத்தில் உடலையும் உயிரையும் வேண்டா என்றவர் யாரோ, அவரே தில்லையிற் பிறவியை வேண்டத்தக்கது என்கின்றனர். இரண்டிற்கும் இடைப்பட்டது சில காவத வழி. ஆயின் உள்ளம் நடந்த வழி பெரிது. நாயனார் திருவதிகைக்கு அருளியவாகக் கிடைத்த பதிகம் 16. தில்லைக்கு அருளியவை 8. திருவதிகைப் பதிகங்களிற் பலவிடத்து நோயும் இரங்கலும் நிற்ப, தில்லைப் பதிகங்களிற் காட்சியும் களிப்பும் ஓங்கி நிற்றலை இரண்டனையும் ஒருங்கு வைத்து ஓதுவார் எளிதின் உணர்வர்.

இவ்வழியின் இருகரையிலும் பின்னாளிற் சித்தாந்தம் தழைத்தமை வியத்தற்குரியது. பெண்ணாகடம் மெய்கண்டதேவர் தோன்றிய பதி. அவர் மாணவராகிய மனவாசகங்கடந்தார் திருவதிகையிற் றோன்றி, ஐந்தெழுத்தே ஆடும் திருமேனியாதலை உண்மைவிளக்கத்தில் விளக்கினர். உமாபதிசிவாசாரியர் தில்லையின் கீழ்பாற் கொற்றவன்குடியில் வதிந்தனர். நாயனார் அழுதும் வெறுத்தும் களித்தும் நடந்த நிலத்தையே சாத்திரம் தனக்கு விளைநிலமாகக் கொண்டது. சீகாழி முத்துத்தாண்டவர் நோயுற்றுத் தில்லைக்கு வந்து நாடோறும் கீர்த்தனம் புனைந்து பாடி நலம்பெற்றனர் என்னும் வழக்கும், கெடிலக்கரையில் எழுந்த மரபின் தொடர்ச்சியேயாம்.

8. பிறர் துயர் தீர்த்தமை

தம் துயர் தீர்ந்தார் பிறர் துயரை உணர்தல் இயல்பு. தில்லையினின்று சீகாழி சென்று திருஞானசம்பந்தப் பிள்ளையாரைக் கண்டமையும், பிள்ளையார் அப்பரே என்றழைத்தமையும் தொடர்ந்து நிகழ்ந்தன. பெற்றோரை இளமையில் இழந்தவர் ஒரு குழந்தையால் தந்தை என அழைக்கப்பட்டமை, திருவருள் உயிரின் குறையை எங்ஙனம் நிரப்பும் என்பதைக் காட்டும்.

திங்களூரில் அப்பூதியடிகள் இல்லத்து விருந்துண்ணப் புகுந்தபோது, வாழைக்குருத்தரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டி இறந்தான். பெற்றோர் அதனை மறைத்து உணவளிக்க முற்பட்டனர். மறைத்த துயரைத் தம் உள்ளத்து நேர்ந்ததொரு தடுமாற்றத்தால் நாயனார் அறிந்தனர். மறைக்கப்பட்ட துயரத்தின் மணம் அவர் முன்னமே பழகியதன்றோ? உண்மை அறிந்து, பிணத்தைத் திருக்கோயில் முன்னர்க் கொணர்வித்துப் பதிகம் பாடிப் புதல்வனை எழுப்பினர்.

பாட்டோடு உழவாரத்தையும் நாயனார் வாழ்நாளெல்லாம் ஏந்தினர். நாவின் தொண்டு தம்பியார்க்கும் கையின் தொண்டு தமக்கையார்க்கும் என இருவேறாய் இருந்தவை அவர்மாட்டு ஒன்றாயின. திருவீழிமிழலையிற் பஞ்சகாலத்து இருபெருமக்களும் பெற்ற படிக்காசினுள் நாயனார் காசு வாசியின்றி மாறிற்று என்பதும், அவர் கைத்தொண்டு செய்தவராதலின் என்று கூறுவதும் இக்கருத்தினவே. அவர் உழவாரப்பணி செய்த திருவதிகையைத் தம் காலால் மிதிக்க அஞ்சிச் சுந்தரமூர்த்தி நாயனார் புறத்தே சித்தவடமடத்தில் தங்கினர் என்றால் அத்தொண்டின் பெருமை கூறவேண்டுமோ?

9. இறுதிக்காலம்

கயிலைக்காட்சி வேட்டு வடபாற் சென்று, கால் தேயவும் கை தேயவும் ஊர்ந்து, உடல் முழுதும் நைந்த நிலையிற் பொய்கையொன்றில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தமை யாவரும் அறிந்ததே. அங்கே யானையும் பிடியும் முதலாக இணையிணையாய் வந்த உயிர்களெல்லாம் சிவமுஞ் சத்தியுமாய்த் தோன்றக் கண்டு பாடினர். உறவெல்லாம் நிலையாமை என்று இளமையில் அஞ்சி நீங்கியவர்க்கு, முதுமையில் அவ்வுறவே இறைவன் றிருவுருவாய்த் தோன்றிற்று. மருள் நீங்குதல் என்பதன் முடிந்த பொருள் இதுவே.

பின்னர்த் திருப்புகலூரில் உழவாரப்படையாற் பணிசெய்யுங்கால் பொன்னும் மணியும் புல்லோடும் கல்லோடும் ஒப்பக் கண்டு எடுத்தெறிந்தனர். சித்திரைத் திங்கட் சதயத்தில், 81-ஆம் அகவையில், திருவடி நிழலெய்தினர் என்பது மரபு. அவர் அருளியனவாக இன்று 4, 5, 6-ஆம் திருமுறைகளில் 312 பதிகங்கள் விளங்குகின்றன. திருமுறை ஏடுகள் தில்லையிற் பூட்டிய அறையிற் புற்று மூடிக்கிடந்து, நம்பியாண்டார் நம்பியால் வெளிப்பட்டன என்று திருமுறைகண்ட புராணங் கூறும்.

10. முடிபு

இனித் தோற்றுவாயில் எழுப்பிய வினாவிற்கு வருவாம். சூலை தீர்ந்தது பாட்டினாலா, திருவருளினாலா?

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. நோயைச் சார்ந்து நோயேயாய்க் கிடக்கும் உயிர், அச்சார்பை விட்டு இறைவனைச் சார்தல் வேண்டும். அச்சார்புமாற்றத்திற்கு ஒரு செயல் வேண்டும். அச்செயலே பாட்டு. செய்பவர் உயிர், செய்விப்பது திருவருள். கண்ணொளி இருப்பினும் ஞாயிற்றினொளி இன்றிக் காண்டலில்லை. ஞாயிறு விளங்கினும் கண் திறவார்க்குக் காட்சியில்லை. ஆதலின் பாட்டோ அருளோ எனப் பிரித்து வினாவுதலே பொருந்தாது. கண் திறத்தல் போல்வது பாட்டு; ஞாயிறு போல்வது அருள். திருநீறு வாங்கியபின்னும் நாயனார் பாடவேண்டியது இதனாலென்க.

இதனால் உளநூலார் கூற்றையும் நாம் இகழவேண்டா. துயரை எழுதியும் பாடியும் வரைந்தும் வெளிப்படுத்துவார் ஒருவாறு ஆறுதல் பெறுதல் மெய். அது கண் திறத்தலளவில் நிற்பது. திறந்த கண்ணுக்கு ஒளி எங்கிருந்து வருமென்பதை அந்நூல் தன் எல்லைக்குட் பேசவில்லை. அதனை நம் நூல் பேசுகின்றது. அங்ஙனமே, பதிகத்தை இன்ன நோய்க்கு இன்ன மருந்தென்று எண்ணி, உள்ளம் படாது இத்தனை முறை ஒப்புவித்தால் அமையும் என்பாரும் நாயனார் வழியை உணர்ந்தாராகார். நாயனார் ஒப்புவித்திலர், உருகிப் பாடினர். நோயுற்றார் மருத்துவரை நாடுதலும் திருவருள் காட்டும் வழியே. பதிகம் மருந்தை விலக்குவதன்று; மருந்து எட்டாத இடத்தையும் எட்டுவது.

நம் திருமடங்களிலும் தேவாரப் பாடசாலைகளிலும் பணிபுரியும் பெரியோர்க்கு இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. இழப்பாலும் நோயாலும் நைந்து வருவார்க்கு நிலையாமையை விரித்துரைத்தல் முதற்பணியன்று. அது தருமசேனர்க்கு முன்னமே தெரியும். திலகவதியார் செய்தது வேறு. திருநீறளித்தார், விடியற்காலை எழுப்பினார், தாம் அலகெடுத்துச் சென்ற வழியில் உடன் அழைத்துச் சென்றார், தம்பியார் வாய்திறக்கும்வரை உடனிருந்தார். மாலை தொடுக்கக் கையும், பண் கூட நாவும், உடனிருக்க ஒரு நெஞ்சும் நாம் அளிப்போமாயின், எஞ்சியதனைக் கெடிலக்கரையில் வீற்றிருப்பவர் பார்த்துக்கொள்வர்.

திருச்சிற்றம்பலம்.